சிறுவயதில் தின்ற புட்டிங்கை மீட்டெடுப்பது எப்படி? குன்னூர் அடுக்களையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரில் எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, செய்த கேரமல் புட்டிங்கை அதே சுவையில் மீண்டும் செய்து முடிக்க நான் பதினொரு முறை அடுப்பேற்ற வேண்டியிருந்தது. முதல் எட்டு முறையும் சமையல் குறிப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எந்தப் பொருள் எத்தனை கிராம் என்று தெரிந்துவிட்டால் சுவை தானாக வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை. அவர் எந்தப் பாத்திரத்தில், எந்த நெருப்பில், எவ்வளவு உயரத்தில் இருந்த வீட்டில் அதை வேகவைத்தார் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் புட்டிங் என் கைக்கு வந்தது. ஆகவே, நினைவில் மட்டும் இருக்கும் ஓர் இனிப்பை மீட்டெடுக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை சற்று வேறானது. முதலில் ஆட்கள், அடுத்து பாத்திரம், அதற்கடுத்து நெருப்பு. பொருள்கள் எல்லாவற்றுக்கும் பின்னால்தான்.

எங்கள் தாத்தா ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் பட்லருக்குக் கையாளாக இருந்தவர். துரைமார் வீடுகளில் வேரூன்றிய முட்டைப் புட்டிங் அவர் வழியாகத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டுக்கு இறங்கி வந்து, அம்மாயியின் இட்லிக் குண்டானுக்குள் புகுந்தது. பங்களாவில் ஓவன் இருந்தது, வனிலா எசன்ஸ் இருந்தது, வெண்ணெய் இருந்தது. லைன் வீட்டில் இருந்தவை விறகடுப்பும், எருமைப்பாலும், ஜாதிக்காயும். இறங்கி வந்த வழியில் அது வேறொரு பண்டமாக மாறியிருந்தது. அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் நான் முதலில் பங்களாப் புட்டிங்கைச் செய்துகொண்டிருந்தேன்.

நினைவை முதலில் எழுதி வையுங்கள்

அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால், வேறு எவருடைய புட்டிங்கையும் வாயில் வைக்கும் முன்னால், உங்கள் நினைவில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக ருசிக்கும் ஒவ்வொன்றும் பழைய நினைவின் மேல் வந்து படியும். நான்காவது முறை செய்து தின்ற பிறகு, எனக்கு நினைவிருந்தது அம்மாயியின் புட்டிங்கா, என் மூன்றாவது புட்டிங்கா என்று பிரித்தறிய முடியாமல் திண்டாடியிருக்கிறேன்.

எழுதும்போது சுவையை மட்டும் எழுதாதீர்கள். "மிகவும் இனிப்பாக இருக்கும்" என்று எழுதுவதால் பயனில்லை. கரண்டி இறங்கும்போது எப்படி இறங்கியது, தட்டில் நீர் விட்டதா, நாக்கில் மணல்போல் ஏதும் தட்டியதா, எது முதலில் கரைந்தது, எது கடைசிவரை வாயில் நின்றது, தட்டில் எதை முதலில் தின்றீர்கள், எதை ஒதுக்கி வைத்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் நோட்டில் முதல் நாள் எழுதிய வரிகள் இவை: மேலே பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில் பாகு, லேசான கசப்பு. நடுவில் ஒரு துளைகூட இல்லாத வழவழப்பு. அடியில் விரல் கனத்துக்கும் குறைவாக ஓர் அடை, இலை இலையாகப் பிரியும், கொஞ்சம் உப்புக் கரிக்கும். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் அந்த அடியைப் பிரித்து எடுத்து முதலில் தின்போம். வாசனை ஏலக்காய் அல்ல. காலையில் தின்போம், சில்லென்று இருக்கும்.

இந்த ஏழெட்டு வரிகளுக்குள்ளேயே விடை முழுவதும் இருந்தது. அதைப் படிக்கத்தான் எனக்கு நாள் பிடித்தது.

ஆட்களிடம் கேட்கும் முறை

செய்தவர் இல்லையென்றால் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேளுங்கள். எனக்குப் பெரியம்மா இருந்தார். "அம்மாயி புட்டிங்கில் என்னவெல்லாம் போடுவாங்க பெரியம்மா?" என்று கேட்டபோது, "பால், முட்டை, அஸ்கா, வேறென்ன" என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டார். அவர் மறைக்கவில்லை. தினமும் பார்த்த வேலையைப் பொருள்பட்டியலாக யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, வேலையாகத்தான் வைத்திருப்பார்கள். அதனால் வேலையைப் பற்றிக் கேளுங்கள். எதற்காகக் கடைக்கு அனுப்பினார்கள், யார் போய் வாங்கி வந்தார்கள், எதில் ஊற்றினார்கள், எதைக் கொண்டு மூடினார்கள், அடுப்பில் ஏற்றிவிட்டு அடுத்து என்ன செய்யப் போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஆள் பேசத் தொடங்குவார்.

அடுப்பில் ஏற்றிய பின் என்ன செய்வார் என்ற கேள்விதான் எனக்கு நேரத்தைத் தந்தது. கடிகாரம் பார்த்துச் சமைத்த வீடு அல்ல அது. குண்டானை மூடிவிட்டுக் குழாயடிக்குப் போய் நான்கு நடை தண்ணீர் சுமந்து வருவாராம். வந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டு, கங்கின் மேல் அப்படியே விட்டுவிடுவாராம். ஏற்றமும் இறக்கமுமான அந்தப் பாதையில் நான்கு நடைக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று பெரியம்மா கணக்குச் சொன்னார். அதன் பிறகு கங்கின் சூட்டில் கால் மணி நேரம். இந்த இரண்டு எண்களும் எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்திருக்க மாட்டா.

சொற்களிலும் கவனம் வேண்டும். கொங்குப் பக்கத்து வீடுகளில் "சக்கரை" என்றால் பல நேரம் நாட்டுச் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரைக்குத்தான் "அஸ்கா". பெரியம்மா அஸ்கா என்று சொல்லியிராவிட்டால் நான் நாட்டுச் சர்க்கரையைப் பாகு காய்ச்சிக் கெடுத்திருப்பேன். அதேபோல் "ஒரு டம்ளர்", "ஒரு ஆழாக்கு" என்று சொன்னால், எந்த டம்ளர், எந்த ஆழாக்கு என்று கேட்டு, முடிந்தால் அந்தப் பாத்திரத்தையே பார்த்துவிட வேண்டும். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறியது. பழைய டம்ளர் கையில் கிடைத்தால் அதை எடைத்தட்டில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி லிட்டர். எங்கள் வீட்டு வெண்கல டம்ளர் இருநூற்றுப் பத்து மில்லி பிடித்தது. நான் அதை இருநூற்றைம்பது என்று வைத்துக்கொண்டு நான்கு முறை பாலை அதிகம் ஊற்றியிருக்கிறேன்.

ஒருமுறை கேட்டு முடித்துவிட முடியாது. செய்த புட்டிங்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். வெறும் வாயில் வராத நினைவு, தவறான சுவை நாக்கில் பட்டதும் வந்துவிடும். "இது இல்லையே" என்று சொல்கிறவர், எது இல்லை என்பதையும் அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடுவார். எனக்கு அப்படிக் கிடைத்ததைப் பின்னால் சொல்கிறேன்.

பாத்திரம்

அம்மாயி புட்டிங் ஊற்றியது ஒரு பழைய பால்பவுடர் டின்னில். டின் உயரமானது, வாய் குறுகியது, தகடு மெலிந்தது. நான் ஆரம்பத்தில் பயன்படுத்தியது அகலமான, தாழ்ந்த எவர்சில்வர் கிண்ணம். அளவு ஒன்றாக இருந்தாலும் வடிவம் மாறினால் வேகும் விதம் மாறிவிடும். அகலப் பாத்திரத்தில் கலவை சீக்கிரம் வெந்து, ஓரம் இறுகிவிடும். பாகு அடியில் மெல்லியதாகப் பரவி, திருப்பிக் கவிழ்க்கும்போது பூச்சு மட்டும்தான் மிஞ்சும். குறுகிய டின்னில் பாகு கனமாகத் தங்கும், மெதுவாக மேலேறும், அடி அடையும் கெட்டியாக அமையும்.

இதற்காகப் பழைய டின்னைத் தேடி எடுத்து அதிலேயே சமைக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். அந்தக் காலத்து டின்களின் ஓரப் பற்றவைப்பில் நச்சுத்தன்மையுள்ள காரீயம் கலந்திருப்பது உண்டு, துருவும் ஏறியிருக்கும். டின் கிடைத்தால் அதன் உயரத்தையும் விட்டத்தையும் அளந்து, ஏறக்குறைய அதே வடிவுள்ள எவர்சில்வர் தூக்குப் பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு ஒரு லிட்டர் பிடிக்கும், நேரான சுவருள்ள தூக்கு பொருந்தி வந்தது. எவர்சில்வர் டின் தகட்டைவிடக் கனமாக இருப்பதால் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

மலையும் நெருப்பும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். என் தோல்விகளில் பாதி இங்கேதான் நடந்தது.

நான் இப்போது வசிப்பது கோயம்புத்தூரில். முதல் சில முறைகள் புட்டிங்கை வெட்டியபோது உள்ளே தேன்கூடு போலத் துளைகள் இருந்தன. தட்டில் நீர் விட்டது. வாயில் வழவழப்புக்குப் பதிலாக முட்டைப் பொரியலின் சொரசொரப்பு இருந்தது. முட்டை கூடிவிட்டது என்று எண்ணி முட்டையைக் குறைத்தேன். துளை போகவில்லை, கெட்டித்தன்மை மட்டும் போயிற்று.

காரணம் முட்டையில் இல்லை, ஆவியில் இருந்தது. பாலும் சர்க்கரையும் கலந்த முட்டை ஏறக்குறைய 80 முதல் 85 டிகிரிக்குள் உறைந்து கெட்டிப்படும். அதைத் தாண்டி 90 டிகிரியை நெருங்கும்போது உறைந்த புரதம் இறுகி, தான் பிடித்து வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அந்த நீர் ஆவியாகி ஓடும் வழிதான் துளை. இப்போது மலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி இறங்கும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 400 மீட்டர் உயரத்துக் கோவையில் 98.5 டிகிரியை ஒட்டியும், 1,850 மீட்டர் உயரத்துக் குன்னூரில் ஏறக்குறைய 94 டிகிரியிலும், 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 93 டிகிரிக்குச் சற்று முன்பும் கொதித்துவிடும். அம்மாயியின் குண்டானுக்குள் எவ்வளவு எரித்தாலும் ஆவி 94 டிகிரியைத் தாண்டியிருக்காது. கடைசிக் கால் மணி நேரமோ வெறும் கங்கின் சூடு. மலை அவருக்காகச் செய்த வேலையைக் கோவையில் நான் என் கையால் செய்ய வேண்டும்.

சமவெளியில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இதுதான். குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் பாத்திரத்தை உள்ளே இறக்கி, தீயை மிகக் குறைத்து, தண்ணீர் ஓரத்தில் மட்டும் சிறு குமிழ் விடும் அளவில் நிறுத்துங்கள். குண்டான் மூடியை இறுக மூடாமல், இடையில் ஒரு மரக்கரண்டியின் காம்பை வைத்து ஒரு விரற்கடை இடைவெளி விடுங்கள். வெளிக்காற்று கலந்த ஆவியின் சூடு கொதிநிலைக்குக் கீழேயே நிற்கும். குக்கரில் வெயிட் போட்டுச் செய்யவே கூடாது. உள்ளே சூடு 110 டிகிரியைத் தாண்டிவிடும், துளை விழாமல் இருக்க வழியே இல்லை.

மாறாக, சமவெளிக் குறிப்பு ஒன்றை ஊட்டியிலோ கொடைக்கானலிலோ செய்கிறவர்களுக்கு வேகும் நேரம் நீளும். அப்போது தீயைக் கூட்டிப் பயனில்லை. தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, ஆவியின் சூடு ஏறாது. நேரத்தைத்தான் கூட்ட வேண்டும்.

உங்கள் இனிப்பு புட்டிங் அல்லாமல் பாகு காய்ச்சும் பண்டமாக இருந்தாலும் இதே கணக்கு பொருந்தும். வெப்பமானியை நம்பிக் கம்பிப் பதம் பார்ப்பவர்கள், தங்கள் ஊரில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று முதலில் பார்த்து, 100-லிருந்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவைக் குறிப்பிலுள்ள எண்ணிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மலையில் பாகு எப்போதும் முற்றிவிடும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கம்பி இழுத்துப் பார்க்கும் நம் வழக்கத்துக்கு இந்தக் கழித்தல் தேவையில்லை. விரல் பார்ப்பது பாகின் அடர்த்தியை. அது எந்த உயரத்திலும் ஒன்றுதான்.

பொருள்கள், அன்றும் இன்றும்

பாலில் தொடங்குவோம். எங்கள் லைனுக்கு வந்தது எருமைப்பால். பசும்பாலைவிடக் கொழுப்பு அதிகம், நிறம் வெளுப்பு. இன்று ஆவின் பாக்கெட்டில் நீலம் 3 விழுக்காடு, ஆரஞ்சு 6 விழுக்காடு கொழுப்புள்ளது. எருமைப்பால் கிடைக்காத இடத்தில் ஆரஞ்சுதான் கிட்டத்தட்ட நிற்கும். அதையும் ஐந்தில் ஒரு பங்கு வற்றும்வரை காய்ச்ச வேண்டும். பாக்கெட் பாலை அப்படியே ஊற்றினால் புட்டிங் தளர்ந்துபோகும்.

முட்டை அன்று நாட்டுக்கோழி முட்டை. பண்ணை முட்டை 50 கிராமுக்கு மேல் இருக்கும். நாட்டு முட்டை 40 கிராம் இருந்தாலே பெரிது. அதனால் "நாலு முட்டை" என்று பெரியம்மா சொன்னதை நான் மூன்று பண்ணை முட்டையாக மாற்றிக்கொண்டேன்.

வாசனை ஏலக்காய் அல்ல என்று எழுதியிருந்தேன். பிறகு என்ன? ஒரே கலவையை மூன்று சிறிய எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, ஒன்றில் வனிலா, ஒன்றில் பட்டை, ஒன்றில் ஜாதிக்காய் போட்டு, டம்ளரின் அடியில் மட்டும் அடையாளம் இட்டு, ஒரே குண்டானில் வேகவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ருசித்தேன். ஜாதிக்காய் டம்ளர் நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. குன்னூருக்கு ஏறும் வழியில் பர்லியாற்றில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் ஜாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. மலையடிவார ஊர்களில் அது எளிதாகக் கிடைக்கும் சரக்கு. வனிலா வாங்க வழியில்லாத அடுக்களையில் அந்த இடத்தை ஜாதிக்காய் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. இந்த டம்ளர் முறையை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். நூறு மில்லி பாலில் சோதனை முடிந்துவிடும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவும் அது பழக்கும்.

ஆனால் அடியில் இருந்த அந்த அடை? அதற்குத்தான் எட்டு முறை ரொட்டியை வைத்து முயன்றேன். பழைய ரொட்டி, சுட்ட ரொட்டி, நெய் தடவிய ரொட்டி, ரொட்டித்தூள் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ரொட்டி பாலை உறிஞ்சிக் கொழகொழத்ததே தவிர, இலை இலையாகப் பிரியவில்லை. எட்டாவது புட்டிங்கைப் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதென்ன கண்ணு, பிரெட்டா? அம்மா பிரெட் எங்க வாங்கினாங்க? வர்க்கிதான் நொறுக்கிப் போடுவாங்க. மழை மாசத்துல நமுத்துப் போனதை வேறென்ன பண்றது?" என்றார்.

வர்க்கி. மாவை மடித்து மடித்து அடுக்காக்கி, விறகு ஓவனில் மொறுமொறுப்பாகச் சுட்டெடுக்கும் நீலகிரிப் பண்டம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த அடுக்குகள்தான் அடியில் இலை இலையாகப் பிரிந்தன, மாவில் கலந்த உப்புதான் கரித்தது. மழைக்காலத்து ஈரத்தில் பொட்டலத்துக்குள்ளேயே நமத்துப்போகும் வர்க்கியைத் தேநீரில் தொட்டுத் தின்ன முடியாது. தூக்கி எறியவும் மனம் வராது. லைன் வீட்டுப் புட்டிங்குக்கும் பங்களாப் புட்டிங்குக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த நமத்த உடைசலில் இருந்தது.

வர்க்கியிலும் ஒரு மாற்றத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். அன்று பெரும்பாலும் வனஸ்பதி போட்டுச் செய்தார்கள். வனஸ்பதி முதலான கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதே பேக்கரி அதே கைப்பக்குவத்தில் சுட்டாலும் உள்ளே இருக்கும் கொழுப்பு அன்றையது அல்ல. உடலுக்கு இது நல்லது. நெய் வர்க்கி என்று தனியாக விற்பதை இந்தப் புட்டிங்குக்கு நான் வாங்குவதில்லை; நெய்யின் மணம் ஜாதிக்காயை அமுக்கிவிடுகிறது. சாதாரண வர்க்கியை வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து ஓரிரவு திறந்து வைத்தால் மலையில் தானாக நமத்துவிடும். கோவையின் காய்ந்த காற்றில் நமக்காது. நொறுக்கிய வர்க்கியின் மேல் இரண்டு கரண்டி இளஞ்சூட்டுப் பாலைத் தெளித்துப் பத்து நிமிடம் மூடி வைத்தால் போதும்.

பழத்தை வைத்துச் செய்யும் இனிப்பைத் தேடுகிறவர்கள் இதைவிடக் கூடுதலாக இரகத்தைப் பார்க்க வேண்டும். பழனி மலைச் சரிவின் விருப்பாச்சி வாழைப்பழத்தில் பழகிய நாக்குக்கு வேறு எந்த வாழைப்பழமும் ஈடாகாது. அதன் சதை கெட்டியானது, நீர் குறைவு. மற்ற பழத்தைப் பிசைந்தால் கலவை தளர்ந்துவிடும். அளவை எவ்வளவு சரிசெய்தாலும் இரகம் தவறினால் வராது.

புகை

கவாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளும், மலையில் வளரும் சீகை (வாட்டில்) மர விறகும்தான் எங்கள் அடுப்பில் எரிந்தன. பால் திறந்த சட்டியில் சுண்டும்போது அந்தப் புகையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கேஸ் அடுப்பில் செய்த புட்டிங்கில் ஏதோ குறைகிறது, எது என்று சொல்ல முடியவில்லை என்று தோன்றினால், பெரும்பாலும் குறைவது இதுதான். சுண்டிய பால் பாத்திரத்தின் நடுவில் ஒரு சிறு கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதில் கனிந்த சிரட்டைக் கரி ஒரு துண்டு வைத்து, மேலே நான்கு சொட்டு நெய் விட்டு, புகை எழுந்ததும் மூடி இரண்டே நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். மூன்று நிமிடம் போனால் புட்டிங் முழுவதும் புகைதான் இருக்கும். இதைச் செய்யும்போது சன்னலைத் திறந்து வையுங்கள்.

செய்முறை

இனி முழுச் செய்முறையைச் சொல்கிறேன். ஆறு பேருக்கு வரும்.

அரை லிட்டர் பாலை அடி பிடிக்காமல் கிளறி 400 மில்லியாகச் சுண்டவிட்டு, சூடாக இருக்கும்போதே 70 கிராம் சர்க்கரையும், ஒரு ஜாதிக்காயில் கால் பங்கைத் துருவியும் போட்டு, விரும்பினால் புகை காட்டி, விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள்.

பால் ஆறும் நேரத்தில் பாகு. தூக்குப் பாத்திரத்தில் 80 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் போட்டு, சிறு தீயில், இடுக்கியால் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றிக்கொண்டே இருங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் கட்டி தட்டும். முதலில் ஓரம் உருகும், பிறகு தேன் நிறம் வரும், அதற்குப் பிறகு நிறம் மிக வேகமாக ஓடும். பால் ஊற்றாத தேநீரின் நிறம் வந்து, முதல் மெல்லிய புகை எழும் நொடியில் இறக்கி, பாத்திரத்தின் அடியிலும் ஓரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கும் பாகு படியும்படி சுழற்றுங்கள். உருகிய சர்க்கரை கொதிநீரைவிட மிகவும் சூடானது. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கீழே வைத்துச் சற்று நேரத்தில் பாகு இறுகி 'டக், டக்' என்று விரிசல் விடும் ஓசை கேட்கும். அது சரியான ஓசைதான், பயப்பட வேண்டியதில்லை.

மூன்று பண்ணை முட்டைகளை முள்கரண்டியால் கலக்குங்கள்; அடிக்க வேண்டாம். நுரை எழுந்தால் அந்த நுரையும் துளையாக நிற்கும். ஆறிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையில் சேர்த்து, மெல்லிய துணியில் வடிகட்டி, கால் மணி நேரம் அப்படியே வைத்திருந்து, மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் வழித்துவிட்டுப் பாகின் மேல் ஊற்றுங்கள். நமத்த வர்க்கி 60 கிராமை, பொடியாக்காமல் விரல்நகம் அளவுக்கு உதிர்த்து மேலே பரப்பி, கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்தி நனையவிடுங்கள். வர்க்கி மிதக்கும், மிதக்கத்தான் வேண்டும். கவிழ்க்கும்போது அதுவே அடி அடையாகும்.

பாத்திரத்தின் மூடியை மூடுங்கள். மூடி பொருந்தாவிட்டால் நெய் தடவிய தாளால் மூடிக் கட்டுங்கள். குண்டான் மூடியிலிருந்து சொட்டும் நீர் உள்ளே விழக் கூடாது. முன்பு சொன்ன சிறு தீயில் முக்கால் மணியிலிருந்து ஐம்பது நிமிடம் வரை வேகட்டும். திறந்து பாத்திரத்தை லேசாகத் தட்டினால் ஓரம் அசையாமல் நிற்க வேண்டும், நடு மட்டும் நடுங்க வேண்டும். நடுவும் கல்லாக நின்றால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அடுப்பை அணைத்துவிட்டு, குண்டானுக்குள்ளேயே கால் மணி நேரம் விட்டு, பிறகு வெளியே எடுங்கள்.

ஆறவிடுவதும் சமையலின் பகுதிதான். அம்மாயி மூடிய டின்னைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். பனி மாதத்துக் குன்னூர் இரவு அதைக் குளிரவைக்கும். அந்த இரவு முழுவதும் இறுகிய பாகு புட்டிங்கின் ஈரத்தை வாங்கி மெல்லக் கரைந்து, காலையில் வழியும் பாகாகியிருக்கும். இரண்டு மணி நேரத்தில் கவிழ்த்தால் பாகில் பாதி பாத்திரத்தின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆறிய பின் ஃபிரிட்ஜில் எட்டு மணி நேரமாவது வையுங்கள். தின்பதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்து வையுங்கள். ஃபிரிட்ஜின் குளிர் குன்னூர் இரவின் குளிரைவிடக் கடுமையானது, அந்தக் குளிரில் நாக்குக்கு இனிப்பும் மணமும் மங்கித் தெரியும். ஓரத்தில் மெல்லிய கத்தியை ஒரு சுற்று ஓட்டி, தட்டை மேலே கவிழ்த்து, ஒரே திருப்பாகத் திருப்புங்கள். மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் நோட்டில் நாள், பாலின் நிறம், முட்டையின் எடை, தீ, நேரம், எதை மாற்றினீர்கள், ருசித்தவர் என்ன சொன்னார் என்பவற்றை எழுதுங்கள். நான் ஒன்பதாவது முறை வர்க்கியையும், பத்தாவது முறை மூடியின் இடைவெளியையும் மாற்றினேன். பத்தாவதைத் தின்ற பெரியம்மா, "எல்லாம் சரி, மேல் பாகு இன்னும் துளி கசக்கணும்" என்றார். பதினொன்றாவது முறை சர்க்கரையைத் தீயில் இன்னும் இருபது நொடி வைத்திருந்தேன். தட்டைக் கையில் வாங்கிய பெரியம்மா கரண்டியை எடுக்கவில்லை. துண்டைச் சாய்த்து, அடியிலிருந்த வர்க்கி அடையை விரலால் பிரித்து, அதை முதலில் தின்றார்.